கிலோ என்ன விலை? – ஒரு முக்கால் சிலிண்டர் சொல்லித்தந்த கணக்கு

சில மாதங்களுக்கு முன் எங்கள் ஊர்க் கடையில் பக்கத்து வீட்டு அக்காவும் நானும் ஒன்றாக நின்றோம். இறுதிப் போரில் கணவரை இழந்தவர் அவர். இரண்டு பிள்ளைகளையும் தனியாளாக வளர்த்தவர். தையல் வேலையில் வருகின்ற காசுதான் வீட்டின் வருமானம். அன்று அவருக்குத் தேயிலை வேண்டியிருந்தது. தட்டில் 100 கிராம் பைக்கற் 260 ரூபா. அதற்குப் பக்கத்தில் 400 கிராம் பைக்கற் 1,080 ரூபா. பெரிய பைக்கற்றில் ‘சிக்கனப் பொதி’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது.

“பெரிசை எடுங்கோ அக்கா, அதுதான் லாபம்” என்றேன். ஊடகக் கற்கையில் பட்டம் பெற்றவள், விளம்பரங்கள் எப்படி மனதை மயக்குகின்றன என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் சொன்ன ஆலோசனை அது.

அக்கா விரலை மடித்தார். “சின்னது நாலு எடுத்தா ஆயிரத்து நாப்பதுதானே தங்கச்சி. பெரிசுக்கு ஏன் நாப்பது ரூபா கூடக் குடுக்க வேணும்?”

நாற்பது ரூபா பெரிய காசில்லை என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் தேயிலையில் நாற்பது, சவர்க்காரத்தில் முப்பது, எண்ணெயில் ஐம்பது என்று ஒரு மாதம் முழுக்கப் போனால் அது பிள்ளையின் கொப்பிக் காசு. அன்றிலிருந்து கடைக்குப் போகும்போதெல்லாம் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். ஐந்தாம் வகுப்பில் படித்த பின்னத்துக்கு அப்பால் அதில் எதுவும் இல்லை. அந்தப் பின்னத்தை மறக்கடிப்பதற்குத்தான் பைக்கற்றுகள் இத்தனை அளவுகளில் வருகின்றன என்பது மட்டும் எனக்குப் புதிதாக விளங்கியது.

தராசு கண் முன்னால் இருந்த காலம்

2006 ஆகஸ்ட் 11 அன்று முகமாலை மூடப்பட்டு ஏ-9 பாதை துண்டிக்கப்பட்டபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். கப்பலில் வருகின்ற சாமான்தான் குடாநாட்டுக்குச் சாமான். குடும்ப அட்டையோடு சங்கக்கடை வரிசையில் அம்மாவுடன் மணிக்கணக்காக நின்றிருக்கிறேன். கிடைத்த சீனியையும் பருப்பையும் அம்மா வீட்டில் சுண்டால் அளந்து, இத்தனை நாளுக்கு இவ்வளவு என்று பிரித்து வைப்பார். பழைய பால்ரின் ஒன்றுதான் எங்கள் வீட்டுச் சுண்டு. அதற்கு முந்திய தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில், ஜாம் போத்தலில் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டு விளக்கெரித்த கதையையும் அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த நாட்களில் தெரிவு என்று ஒன்று இருக்கவில்லை. கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும், அல்லது இல்லாமல் இருக்க வேண்டும். ஆனால் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. தராசு கண் முன்னால் இருந்தது. கால் கிலோ என்றால் கால் கிலோ.

2009 இற்குப் பின் பாதை திறந்தது. பேரங்காடிகள் வந்தன. தட்டு நிறையப் பைக்கற்றுகள் வந்தன: 85 கிராம், 180 கிராம், 375 மில்லிலீற்றர், 900 மில்லிலீற்றர். தெரிவு வந்தபோது தராசு கண்ணிலிருந்து மறைந்தது. இன்று நாங்கள் வாங்குவது எடை அல்ல, பொதி. ‘கிலோ என்ன விலை?’ என்ற பழைய கேள்வியை நாங்களேதான் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விக்குரிய பதில்தான் அலகு விலை.

எங்கள் மொழியிலேயே இருக்கிற பின்னம்

அலகு விலை என்பது விலையை அளவால் வகுத்தால் வருவது. கைத்தொலைபேசியில் உள்ள கணிப்பானில் விலையை அடித்து, வகுத்தல் குறியை அழுத்தி, கிராமை அடித்தால் ஒரு கிராமின் விலை வரும். அதை ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ விலை.

கணிப்பான் இல்லாமலும் பார்க்கலாம். அரை, கால், முக்கால், அரைக்கால் என்று பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிற மொழி எங்களுடையது. காலின் பாதி அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. அதன் பாதி மாகாணி, பதினாறில் ஒன்று. கிலோவைக் கொண்டு பார்த்தால் 500 கிராம் அரை, 250 கால், 125 அரைக்கால். ஆகவே 250 கிராம் பைக்கற்றின் விலையை நான்கால் பெருக்குங்கள், 125 என்றால் எட்டால், 200 என்றால் ஐந்தால், 100 என்றால் பத்தால். எல்லாம் கிலோ விலையாகிவிடும். பிறகு எது மலிவு என்று ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஒரு எடுத்துக்காட்டு. மிளகாய்த்தூள் 100 கிராம் 170 ரூபா, 250 கிராம் 400 ரூபா என்று வைப்போம். முதலாவது கிலோ 1,700. இரண்டாவது கிலோ 1,600. இங்கே பெரிய பைக்கற்தான் மலிவு. அக்காவின் தேயிலையில் முடிவு தலைகீழாக இருந்தது: சிறியது கிலோ 2,600, பெரியது 2,700. பெரியது எப்போதும் லாபம் என்பதும், சிறியது எப்போதும் நட்டம் என்பதும் இரண்டுமே பிழை. ஒவ்வொரு முறையும் பார்த்தால்தான் தெரியும். ஆறு மில்லிலீற்றர் ஷாம்பு பைக்கற் 20 ரூபா, 80 மில்லிலீற்றர் போத்தல் 320 ரூபா என்றால், சின்னப் பைக்கற்றில் ஒரு மில்லிலீற்றர் சுமார் 3 ரூபா 33 சதம், போத்தலில் 4 ரூபா.

போத்தலும் லீற்றரும்

எங்கள் ஊரில் நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் இன்றும் போத்தல் கணக்கில் விலைப்படுகின்றன. போத்தல் என்றால் 750 மில்லிலீற்றர், முக்கால் லீற்றர். ஒரு கடையில் போத்தல் 700 ரூபா, இன்னொரு கடையில் லீற்றர் 900 ரூபா என்றால் எது மலிவு? 700 ஐக் கண்டதும் கை அங்கேதான் போகும். ஆனால் 900 இன் முக்கால் 675. போத்தலுக்கு 25 ரூபா கூடக் கேட்கிறார்கள்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். முக்கால் லீற்றர் 700 என்றால் கால் லீற்றர் 233, ஆகவே முழு லீற்றர் 933.

இதில் ஒரு முக்கியமான விடயம் இருக்கிறது. அளவு முக்காலாகக் குறைந்து விலை மாறாமல் இருந்தால், விலை காற்பங்கு கூடியதாகத்தான் பலரும் நினைப்போம். உண்மையில் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. பின்னத்தைத் தலைகீழாக்க வேண்டும். நான்கில் மூன்று, மூன்றில் நான்கு ஆகிறது. பிஸ்கற் பைக்கற் 100 கிராமிலிருந்து 80 ஆகச் சுருங்கி அதே விலைக்கு விற்றால், குறைந்தது ஐந்தில் ஒன்று, விலை ஏறியது நான்கில் ஒன்று. அளவு பாதியானால் விலை இரட்டிப்பு. விலையைக் கூட்டினால் எல்லோரும் கவனிப்போம். பைக்கற்றைச் சுருக்கினால் கவனிக்க மாட்டோம் என்பது விற்பவருக்குத் தெரியும்.

18 லீற்றர் சிலிண்டர்

இந்தக் கணக்கு தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பதை இலங்கை முழுவதும் 2021 இல் பார்த்தது. அந்த வருடம் லிட்ரோ நிறுவனம் புதிய சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்றைச் சந்தைக்கு விட்டது. அதுவரை வீடுகளில் இருந்தது 12.5 கிலோ சிலிண்டர், விலை 1,493 ரூபா. புதியது ‘18 லீற்றர்’ என்று அறிமுகமானது, விலை 1,395 ரூபா. மேலோட்டமாகப் பார்த்தால் எண் 12.5 இலிருந்து 18 ஆகக் கூடியிருக்கிறது, விலை 98 ரூபா குறைந்திருக்கிறது.

ஆனால் லீற்றரும் கிலோவும் ஒன்றல்ல. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. திரவ எரிவாயுவோ லீற்றருக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடத்தான் வரும். அந்த 18 லீற்றர் சிலிண்டரில் இருந்தது 9.18 கிலோ எரிவாயு. பழைய சிலிண்டரில் முக்கால்வாசி கூட இல்லை.

இப்போது வகுத்துப் பாருங்கள். 1,493 ஐ 12.5 ஆல் வகுத்தால் கிலோ 119 ரூபா 44 சதம். 1,395 ஐ 9.18 ஆல் வகுத்தால் கிலோ சுமார் 152 ரூபா. கிலோவுக்கு 32 ரூபாவுக்கு மேல் கூட. பழைய விலைப்படி 9.18 கிலோவுக்கு 1,096 ரூபாதான் வரவேண்டும். அதாவது 98 ரூபா குறைத்ததாகத் தெரிந்த சிலிண்டரில், சுமார் 300 ரூபா கூடுதலாக வாங்கப்பட்டது. விலை கூடியது நூற்றுக்கு 27 வீதம்.

பழைய சிலிண்டரைத் தேடியும் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடுகள் அப்போது எழுந்தன. விடயம் நாடளாவிய சர்ச்சையானது. அந்தச் சர்ச்சையின் மையத்தில் இருந்தது ஒரு வகுத்தல் கணக்கு மட்டும்தான். அதைக் கடை வாசலிலேயே யாரும் செய்திருக்கலாம். ஆனால் ஒன்று கிலோவில், மற்றது லீற்றரில் இருக்கும்போது யாருக்கும் அது உடனே தோன்றாது. ஆகவே இரண்டு பொருட்களை ஒப்பிட முன், இரண்டும் ஒரே அலகில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எண்ணெயிலும் இது உண்டு. ஒரு லீற்றர் தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 920 கிராம்தான். கிலோ விலையையும் லீற்றர் விலையையும் நேரடியாக ஒப்பிடக்கூடாது.

2022 இன் கணக்கு

அதற்கு அடுத்து வந்தது எல்லோரும் அறிந்த 2022. அந்த ஏப்ரல் மாத இறுதியில் 12.5 கிலோ சிலிண்டரின் கொழும்பு விலை 4,860 ரூபா. 1,493 ஐப் போல மூன்றேகால் மடங்கு. யாழ்ப்பாணத்தில் போக்குவரத்துச் செலவும் சேர்ந்தது. அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் பல வீடுகள் விறகுக்குத் திரும்பின. சிலர் சின்னச் சிலிண்டருக்கு மாறினார்கள். “சின்னது வாங்கி ஏழைகள்தான் கூடக் காசு குடுக்கினம்” என்று நானும் அப்போது எழுத நினைத்தேன். கணக்கைப் பார்த்தால் அது முழுக்கச் சரியில்லை. 2.3 கிலோ சிலிண்டர் 910 ரூபா, கிலோ சுமார் 396. பெரியது கிலோ சுமார் 389. வித்தியாசம் கிலோவுக்கு ஏழு ரூபாதான்.

பால்மாவிலும் அப்படியே. 2022 மார்ச்சில் விலை ஏறியபோது 400 கிராம் பைக்கற் 790 ரூபா, ஒரு கிலோ 1,945 ரூபா. 100 கிராமுக்குப் பார்த்தால் சிறியது 197 ரூபா 50 சதம், பெரியது 194 ரூபா 50 சதம். மூன்று ரூபா வித்தியாசத்துக்காக, கையில் இல்லாத 1,945 ரூபாவைக் கடன் வாங்க வேண்டியதில்லை. சின்னதை வாங்கியவர்கள் ஏமாளிகள் இல்லை. எங்கே பயப்படத் தேவையில்லை என்பதையும் கணக்குக் காட்டித்தருகிறது.

பணவீக்க எண்ணையும் இதே முறையில் வாசிக்கலாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவு இப்போது ஏறத்தாழ 195 ரூபா. அதைத் தலைகீழாக்கினால், அதே 100 ரூபாவுக்குப் பழைய உணவில் பாதிக்குச் சற்றுக் கூடத்தான் கிடைக்கும். சம்பளம் மாறாத வீட்டில் சோற்றுப் பானை பாதியாகியது என்பதுதான் அந்த எண்ணின் பொருள்.

ஒரு இறாத்தல் பாண்

பாணை நாங்கள் இன்னமும் இறாத்தல் என்றுதான் சொல்கிறோம். இறாத்தல் என்பது சுமார் 454 கிராம். ஒரு பாணின் நியம எடை 450 கிராம், அரைப் பாண் 225 கிராம் என்று 2024 பெப்ரவரியில் வர்த்தமானி மூலம் அறிவிக்கப்பட்டது. முழுப் பாணில் 13.5 கிராமும் அரைப் பாணில் 6.75 கிராமும் வரை குறையலாம் என்று சலுகையும் உண்டு. அதாவது நூற்றுக்கு மூன்று.

சமையலறைத் தராசு உள்ள யாரும் வீட்டிலேயே நிறுத்துப் பார்க்கலாம். 400 கிராம் இருந்தால் 50 கிராம் குறைவு, ஒன்பதில் ஒரு பங்கு. நாளுக்கு ஒரு பாண் வாங்குகிற வீடு, ஒன்பது நாளைக்கு ஒரு பாணை இழக்கிறது. மாதத்துக்கு மூன்றுக்கு மேல். இப்படிக் குறைந்தால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரையிடுவது அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் வேலை. சந்தையில் நிற்கும்போது தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும், நிறுக்க முன் முள்ளோ எண்ணோ பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதும் வாங்குபவரின் உரிமை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மலிவு எல்லாம் லாபமில்லை

இவ்வளவையும் சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அலகு விலை குறைந்தது எல்லாம் வீட்டுக்கு லாபமில்லை.

திருநெல்வேலிச் சந்தையில் தக்காளி கிலோ 200, அரைக் கிலோ 120 என்று வைப்போம். கிலோதான் மலிவு. ஆனால் குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அழுகிவிட்டால், மிஞ்சிய மூன்றில் இரண்டு கிலோவுக்கு 200 கொடுத்ததாகிறது. அப்படிப் பார்த்தால் கிலோ 300. அரைக் கிலோ வாங்கியவர் கிலோ 240 வீதம்தான் கொடுத்திருக்கிறார். வகுக்க வேண்டியது வாங்கிய அளவால் அல்ல, உண்ட அளவால்.

அதேபோல, கொப்பியில் எழுதிக் கடன் தருகிற ஊர்க்கடையின் விலை, பேரங்காடியை விடச் சற்றுக் கூடவாக இருக்கலாம். பேரங்காடிக்குப் போய்வர பஸ் காசு எவ்வளவு, காசில்லாத கிழமையில் யார் சாமான் தருவார் என்பவையும் அந்தக் கணக்குக்குள் வரவேண்டும். 2022 இல் பல வீடுகளின் அடுப்பு எரிந்தது அந்தக் கொப்பிகளால்தான்.

பெரிதாக வாங்கினால் மலிவு, ஆனால் பெரிதாக வாங்கக் காசில்லை என்ற சிக்கலுக்கு எங்களிடம் ஏற்கனவே ஒரு விடை இருக்கிறது: பங்கு. தீபாவளிக்குச் சேர்ந்து ஆடு வாங்கிப் பங்கு போடுவது குடாநாட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆடு 36,000 ரூபா, பங்கு பன்னிரண்டு என்றால் ஒரு பங்கு 3,000. எலும்பும் ஈரலும் சேர்த்து 1.2 கிலோ கிடைத்தால் கிலோ 2,500. இதை யாரும் எங்களுக்குப் பாடமாகச் சொல்லித்தரவில்லை.

ஆட்டுக்குச் செய்வதை அரிசிக்கும் செய்யலாம். 25 கிலோ மூட்டை 5,500 ரூபா, சில்லறையில் கிலோ 240 என்று எடுப்போம். மூட்டையில் கிலோ 220 வருகிறது. நான்கு வீடுகள் சேர்ந்தால் வீட்டுக்குக் கால் மூட்டை, 6.25 கிலோ, 1,375 ரூபா. சில்லறையில் அதே அரிசி 1,500 ரூபா. வீட்டுக்கு 125 ரூபா மிச்சம். கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கியதன் அடிப்படையும் இந்தக் கணக்குத்தான்.

தட்டில் எழுத வேண்டிய ஒரு வரி

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் உறவுகள் இதை வாசித்தால் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 ஆம் ஆண்டின் பணிப்புரை ஒன்றின்படி, கடைத் தட்டில் விற்பனை விலையோடு கிலோ அல்லது லீற்றர் விலையையும் காட்ட வேண்டும். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பேரங்காடிகளில் விலைச்சீட்டின் மூலையில் சின்ன எழுத்தில் அந்த எண் இருக்கும். எங்கள் பைக்கற்றுகளில் நிகர எடையும் உச்ச சில்லறை விலையும் அச்சிடப்படுகின்றன. வகுத்தலை மட்டும் எங்களிடம் விட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரியையும் தட்டில் எழுத வைக்க முடியுமானால், 18 லீற்றர் சிலிண்டர் போன்ற ஒன்று முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

அது வரும்வரை நாங்கள் செய்யக்கூடியது சின்ன விடயம். அடிக்கடி வாங்கும் பத்துச் சாமான்களின் கிலோ விலையை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கணக்குப் போடும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பள்ளிக்கூடத்தில் ‘பின்னம் எதுக்கு?’ என்று கேட்கிற பிள்ளைக்கு அதைவிட நல்ல பதில் கிடைக்காது.

பக்கத்து வீட்டு அக்காவின் கடைசி மகள் இப்போது அப்படி ஒரு கொப்பி வைத்திருக்கிறாள். போன கிழமை அதை வாங்கிப் பார்த்தேன். தேயிலைக்கு நேரே இரண்டு விலை எழுதி, பெரிய பைக்கற்றின் எண்ணை வெட்டியிருந்தாள். அதற்குக் கீழே, அக்காவின் எழுத்தில் ஒரு வரி: ‘அடுத்த மாதம் திரும்பப் பார்க்கவும். மாத்தியிருப்பினம்.’